தோஹாவில் முதற் குடித்தனம்: கிழக்கிலங்கைத் தம்பதியர் பற்றிய சில குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே கல்யாணம் முடித்ததும் வீடு மாறுபவர் மாப்பிள்ளைதான். காத்தான்குடி, ஏறாவூர் தொடங்கி மருதமுனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் இதுவே வழமை. பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலைக்கடன். மூத்தவளுக்கு முடித்துவைத்த கையோடு வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளைய பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவுக்கோ, பின்பக்கம் இறக்கிய சின்ன வீட்டுக்கோ போய்விடுவார்கள். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில் இப்பிரதேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டு முறையையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தென்மேற்குக் கரையூர்களிலும் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவதுண்டு. ஆனால் கிழக்கில் அது ஊரின் அத்திவாரம் மாதிரி.

இதனால் புதிதாக முடித்த இருவர் தாங்களாக ஒரு வீட்டை நடத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் எமது ஊர்களில் அரிது. அடுப்பு மாமியுடையது. மீன்காரனோடு பேரம் பேசுவது மாமா. மகரிபுக்குப் பிறகு மாப்பிள்ளை தன் உம்மா வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். மகளுக்குத் தலையிடி என்றால் ராத்தா வந்து நிற்பாள். கணவன் மனைவிக்கிடையில் ஒரு சொல் கூடிப்போனால் அது மதிலுக்கு அப்பால் கேட்கும். கேட்டவர்களில் யாராவது ஒருவர் வந்து அமர்த்திவிட்டுப் போவார்.

இப்படி வளர்ந்த இருவரை ஒரு விமானம் கொண்டுபோய் தோஹாவில் ஓர் அறைக்குள் விட்டால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் விடயம். வேலைக்குத் தனியே போன ஆண்களைப் பற்றியும், பணிப்பெண்களாகப் போன எமது உம்மாமாரைப் பற்றியும் கதைகளிலும் ஆய்வுகளிலும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. சோடியாகப் போனவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. "அவங்களுக்கென்ன, கொடுத்து வெச்சவங்க" என்று ஊர் நினைப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

யாருக்கு ஏலும்?

கட்டாரில் குடும்பத்தைக் கூப்பிட எல்லோருக்கும் ஏலாது. அங்கு 2021 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். கம்பனி இருப்பிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500, 300 என்று மேலும் 800 றியால் கொடுக்க வேண்டும். மனைவியைக் கூப்பிடுவதென்றால் கணக்கு வேறு. 2024 இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி தனியார் துறையில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் 10,000 றியால் இருக்க வேண்டும். குடும்ப வீட்டைக் கம்பனியே தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தால் 6,000 போதும். தொழிலும் சாதாரணத் தொழிலாளி என்ற வகைக்குள் வரக்கூடாது.

ஆகவே சாரதி, கடை உதவியாளர், கட்டிடத் தொழிலாளி என்று போகிற எமது பையன்களில் பெரும்பாலோர் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். குடும்பம் ஊரில் இருக்கிற ஆணுக்கு அங்கு பேரே 'பெச்சலர்' என்பதுதான். நான்கு பிள்ளை பெற்ற வாப்பாவும் அங்கு பெச்சலர்தான். வேலியைத் தாண்டுபவர்கள் கணக்காளர்கள், பொறியியலாளர்கள், தகவல் தொழில்நுட்பக்காரர், பிறகு நாம் 'கியூ எஸ்' என்று சுருக்கிச் சொல்லும் குவான்டிட்டி சேர்வேயர்கள். இந்தக் கடைசித் தொழிலுக்கு இலங்கையரின் கைராசி வளைகுடா முழுக்கத் தெரிந்த விடயம்.

சம்பளம் சரியாக இருந்தாலும் அடுத்த சிக்கல் தாளில் வந்து நிற்கும். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நிக்காஹ் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாமற் போகாது. மார்க்க அடிப்படையில் இது விளங்கக்கூடியதே. ஆனால் தூதரகத்துக்கு இந்த விளக்கம் போதாது. அவர்களுக்குத் தாள் வேண்டும். நிக்காஹ் நடந்த அன்றே பதிவாளர் கையெழுத்து வாங்கிப் பதிந்திருந்தால் வேலை சுலபம். "பிறகு பாத்துக்குவம்" என்று விட்டவர்கள்தான் விடுமுறை முடியும் தறுவாயில் ஓடித்திரிகிறார்கள்.

பதிவுச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் ஆக்கி, பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் உறுதிப்படுத்தி, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை வாங்கி, அதன்மேல் கொழும்பிலுள்ள கட்டார் தூதரகத்தின் முத்திரையையும் வாங்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. பொத்துவிலிலிருந்து இரவு பஸ்ஸில் போய் ஒரு முத்திரை குறைவதால் திரும்பி வருவது எவ்வளவு பெரிய சலிப்பு என்பது போனவர்களுக்குத் தெரியும்.

இதில் பலரையும் கவிழ்ப்பது பெயர்தான். முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுத எங்கள் பதிவாளர்கள் அரை டசன் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. பெண்களுக்கு இன்னும் மோசம்: பிறப்புப் பதிவில் 'உம்மா' என்று முடிகிற பெயர் பள்ளிக்கூடத்தில் சுருங்கி, அடையாள அட்டையில் 'பீவி' ஆகியிருக்கும். எனவே கல்யாணம் பேசி முடிந்த கிழமையிலேயே இரு வீட்டாரும் எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பந்தலுக்கும் சோத்துக்கும் செய்கிற ஆயத்தத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

போய் இறங்கியபின் மனைவிக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு: இரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு விரலடையாளம். அது சரிவந்தால்தான் வதிவிட அட்டை கிடைக்கும். அந்த அட்டை இல்லாமல் அங்கு ஒரு வேலையும் நடக்காது என்பதால் முதல் வாரங்கள் ஒருவிதத் தொங்குநிலையிலேயே கழியும்.

அறையும் அடுப்பும்

ஊரில் பத்துப் பேர்ச் வளவுக்குள் தென்னையும் முருங்கையும் கிணறுமாக இருந்த பெண்ணுக்கு, நஜ்மாவிலோ மன்சூராவிலோ பழைய விமான நிலையப் பகுதியிலோ ஓர் அறையும் குசினியும் குளியலறையும்தான் வாய்க்கிறது. முழு பிளாட்டுக்கு வாடகை கட்டுப்படியாகாதவர்கள் வில்லாத் துண்டுக்குப் போவார்கள். ஒரு பெரிய வில்லாவை ஜிப்சம் பலகை வைத்து ஏழெட்டாகப் பிரித்து 'ஸ்டூடியோ' என்று கொடுக்கிற வழக்கம் அங்கு பரவலாக இருக்கிறது. அனுமதியில்லாமல் இப்படிப் பிரிப்பது சட்டவிரோதம். ஆகவே அந்த வீட்டுக்கு முறையான வாடகை ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம். குடும்ப விசாவுக்கு உறுதிப்படுத்திய வாடகை ஒப்பந்தம் தேவைப்படும்போது இது காலை வாரிவிடும். அதோடு, பலகைக்கு அந்தப் பக்கத்தில் இருமுகிறவரின் இருமல் இந்தப் பக்கத்தில் கேட்கும். ஊர் மதில் எவ்வளவோ மேல்.

இன்னொன்று காசோலை. வாடகைக்காரரிடம் ஒரு வருடத்துக்குப் பின்திகதியிட்டுப் பன்னிரண்டு செக் கேட்பது அங்கு வழமை. இலங்கையில் செக் திரும்பினால் வெட்கம், கொஞ்சம் அலைச்சல், வழக்கு என்று போகும். கட்டாரில் கணக்கில் காசில்லாமல் செக் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் கீழ்க் குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. வேலை பறிபோன மாதத்தில் இந்தப் பன்னிரண்டு தாள்களும் எங்கே இருக்கின்றன என்பதுதான் ஒரு குடும்பத்தலைவனின் நித்திரையைக் கெடுக்கும் கேள்வி. எனவே இரண்டு மாத வாடகையைத் தனியே ஒதுக்காமல் மனைவிக்கு டிக்கட் போடக்கூடாது என்பது என் கருத்து. "அவ வந்தா பரக்கத் வரும்" என்பார்கள். வரும்தான், செக்கும் வரும்.

சாமான் சட்டிக்கு அதிகம் அலையத் தேவையில்லை. ஊருக்குத் திரும்புகிற குடும்பங்கள் கட்டில், பிரிஜ், வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு என்று முழுத்தொகுதியாக விற்றுவிட்டுப் போவது வழமை. ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நான்கு ஊர்க்காரரிடம் சொல்லி வைத்தாலே போதும்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மாதத்துச் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. கல்யாணமாகி உம்மாவின் குசினிக்குள் உதவியாளாக மட்டும் நின்ற பெண்ணிடம், திடீரென்று முழுக் குசினியும் ஒப்படைக்கப்படுகிறது. தேங்காய் கிடைக்கும், ஆனால் இந்தியாவிலிருந்தோ நமது நாட்டிலிருந்தோ வந்து காய்ந்த தேங்காய், பால் பிழிந்தால் ஊர்த் தேங்காயின் பாதிதான் வரும். ஆகவே பெரும்பாலானவர்கள் பால்மாவுக்கு மாறிவிடுகிறார்கள், கறியும் கொஞ்சம் மாறிவிடுகிறது. மீன் பிரச்சினையில்லை, பெயர்தான் பிரச்சினை. 'கன்அத்' என்று எழுதியிருப்பது நமது அறுக்குளா. 'ஹமூர்' கலவாய் இனம். 'ஷேரி' விளமீன் வகை. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் மீன்கடையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். மாசியும் கருவாடும் கொழும்பிலிருந்து சூட்கேசில் போகும். ஆனால் ஜன்னல் திறக்க முடியாத ஏசி அறையில் கருவாடு பொரித்தால் அந்த மணம் மூன்று நாளைக்கு மெத்தையில் இருக்கும், பக்கத்து அறைக்காரரும் கதவைத் தட்டுவார்.

இங்கே ஆண்களுக்கு ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. எமது ஊரில் மாப்பிள்ளை, மாமி வீட்டில் விருந்தாளி மாதிரி. அவருக்குக் கோப்பையும் பீங்கானும் வேறாக வைத்திருப்பார்கள். குசினிக்குள் அவர் கால் வைத்தால் மாமிக்கு வெட்கம். பெச்சலராக நான்கைந்து வருடம் தோஹாவில் இருந்தவர் என்றால் முறைபோட்டுச் சமைத்துப் பழகியிருப்பார். மனைவி வந்ததும் அந்தக் கைப்பழக்கத்தை மறந்துபோகிற ஆண்களும் உண்டு, முதல் ஆறு மாதம் தானே கற்றுக்கொடுத்துச் சேர்ந்து சமைக்கிறவர்களும் உண்டு. நான் கண்டவரையில் பின்னவர்களின் வீட்டில்தான் சத்தம் குறைவு. "உம்மா, இவர்தான் இண்டைக்குச் சோறு ஆக்கின" என்று வீடியோவில் மகள் சொல்ல, இந்தப் பக்கம் உம்மா, "சத்தமா சொல்லாத மகள், மாமி கேட்டிருவா" என்று பதைத்ததை ஒரு குடும்பத்தில் கேட்டிருக்கிறேன்.

நீண்ட பகல்

கட்டாருக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். கணவர் காலை ஆறு மணிக்குக் கம்பனி வாகனத்தில் ஏறும்போது ஊரில் எட்டரை மணி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உம்மா சற்று ஆறுதலாக இருக்கிற நேரம். எனவே அழைப்பு ஆரம்பிக்கும். சில வீடுகளில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க உம்மாவின் குசினியோடு சேர்ந்தே சமைக்கிறார்கள். இதனால் தனிமை தணிகிறது என்பது உண்மை. ஊரில் மதிலுக்கு அப்பால் இருந்த கண்ணும் காதும் இதன் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன என்பதும் உண்மை. நேற்றிரவு நடந்த சிறு மனத்தாங்கல் காலை ஒன்பது மணிக்கு ஊருக்குப் போய், லுஹருக்கு முதல் மாப்பிள்ளையின் உம்மா வீட்டையும் எட்டி, மாலையில் அவர் வேலையால் வரும்போது நான்கு பேரின் அபிப்பிராயத்தோடு திரும்பி வந்துவிடும். ஊரிலென்றால் வந்து அமர்த்துகிறவர் இருவரின் முகத்தையும் பார்த்துப் பேசுவார். போனில் ஒருவர் முகம் மட்டுமே தெரியும்.

மே முதல் செப்டம்பர் வரை வெயில் 45 பாகையையும் தாண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடையில் வெளிவெயிலில் தொழிலாளரை வேலை வாங்குவதே அங்கு தடை. அந்த மாதங்களில் வந்திறங்கிய பெண், நகரம் எப்படி இருக்கிறதென்றே அறியாமல் நான்கு மாதம் அறைக்குள் இருந்துவிடக்கூடும். நொவம்பர் அளவில் முதன்முதலாகக் கூட்டிப்போவதென்றால் வந்து சேர்ந்த மாதமே கடற்கரை, சூக் வாகிஃப் என்று நடந்து திரியலாம், மனசும் ஒட்டிக்கொள்ளும். டிக்கட் விலையை மட்டும் பார்த்து ஜூலையில் கூப்பிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

தோஹா மெட்ரோ 2019 மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு தடவைப் பயணத்துக்கு 2 றியால், நாள் முழுக்க என்றால் 6 றியால். எமது பெண்களுக்கு இது சாதாரண விடயமல்ல. ஊரில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும்கூடத் துணையோடு போனவள், ஓர் அட்டையைத் தட்டிவிட்டுத் தனியே ஏறி இறங்கிப் பழகுகிறாள். குடும்பப் பெட்டி வேறாக இருப்பதால் கணவருக்கும் மனம் ஆறும். பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடமிருப்பதும் பலருக்குப் புதிய அனுபவம். கிழக்கில் எத்தனையோ ஊர்களில் பெண்கள் தறாவீஹுக்குக்கூட அயல்வீட்டில்தான் கூடுகிறார்கள். தோஹாவில் ஜும்மாவுக்கே போய்ப் பழகிய பெண், ஊர் திரும்பி "இஞ்ச ஏன் எங்களுக்கு இடமில்ல?" என்று கேட்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எமது பள்ளி நிர்வாகங்களுக்கு இருக்கிறது.

ஒரு றியாலுக்கு எத்தனை வாய்?

வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சம்பளம் மட்டும் தெரியும். அந்தச் சம்பளத்தின் மேல் எத்தனை உரிமை இருக்கிறதென்பது தெரியாது. கிழக்கு முஸ்லிம் ஆணொருவர் வளைகுடாவுக்குப் போவதற்கு முதற் காரணம் பெரும்பாலும் தன் மனைவி அல்ல, தங்கச்சி. தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் காக்கா கல்யாணம் முடிப்பதே ஊரில் ஒரு பேச்சாகிவிடும். கல்யாணம் முடித்தபின்னும் அந்த வீட்டின் கூரை பாதியில் நிற்கும். அதற்கிடையில் மனைவியையும் தோஹாவுக்கு எடுத்துவிட்டால், ஊருக்குப் போகிற காசு சட்டென்று குறைகிறது. குறைந்ததற்குக் காரணம் மருமகள் என்று கணக்கு எழுதப்படும். இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் தன் மகளுக்கே ஒரு வீடு கட்டவேண்டும் என்ற நினைப்பு வேறு.

இந்தச் சுமையைக் கல்யாணத்துக்கு முதலே திறந்து பேசுகிற குடும்பங்கள் மிகக் குறைவு. பேசாமல் விட்டால் பேச வேண்டிய இடம் தோஹா அறைதான், நேரம் சம்பளம் வந்த இரவுதான். மாதம் இவ்வளவு தங்கச்சி வீட்டுக்கு, இவ்வளவு இந்த அறைக்கு, இவ்வளவு மனைவியின் பேரில் சேமிப்பு என்று ஒரு தாளில் எழுதி இரு வீட்டாருக்கும் காட்டிய ஒரு கணக்காளரை அறிவேன். அவருடைய மாமியே பிறகு அதை மற்ற மருமகன்மாருக்கு உதாரணம் காட்டினாராம்.

காசு அனுப்புவதில் நாணய மாற்றும் ஒரு பங்காளி. கட்டார் றியால் ஒரு டொலருக்கு 3.64 என்று நிலையாகக் கட்டப்பட்டது. ஆடுவது எங்கள் ரூபாய்தான். 2022 இன் தொடக்கத்தில் 55 ரூபாய் அளவிலிருந்த றியால், மே மாதமாகும்போது 100 ரூபாயை நெருங்கியது. அதற்கு முந்திய மாதங்களில் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி விரிய, வங்கியில் போட்டவர்கள் பலர் உண்டியலுக்குத் திரும்பினார்கள். 2020 இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஊழியர் பணம் 2022 இல் ஏறத்தாழ 380 கோடிக்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ரூபாய் விழுந்தபோது தோஹாக் குடும்பங்கள் கொழுத்துவிட்டன என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சீமெந்தும் கம்பியும் கூடவே ஏறியதை அப்படிப் பேசியவர்கள் கணக்கெடுக்கவில்லை.

விசா யாருடையது?

இதுவரை சொன்னவை எல்லாம் பழகப் பழகச் சரிவருபவை. பழகிச் சரிவராத விடயம் ஒன்றிருக்கிறது.

ஊரில் அந்தப் பெண் வீட்டுக்காரி. உறுதி அவள் பேரில். கணவனோடு கோபித்துக்கொண்டால் வெளியே போகவேண்டியவர் கணவர்தான். எமது சமூகத்துப் பெண்ணுக்கு இருக்கிற மிகப்பெரிய பாதுகாப்பு இதுவே என்று துணிந்து சொல்லலாம். சீதனத்தின் கொடுமைகளைக் கண்டிப்பவர்களும் இந்தப் பக்கத்தை மறுப்பதில்லை. தோஹாவில் இது தலைகீழாகிறது. அவளுடைய வதிவிட அனுமதி கணவரின் அனுசரணையில் தொங்குகிறது. தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றிருக்கும். வாடகை ஒப்பந்தம் அவர் பேரில், வங்கிக் கணக்கு அவர் பேரில், மின்சாரக் கணக்கும் அவர் பேரில். அவருக்கு வேலை போனால் இருவரின் இருப்பும் போகிறது. அவர் அவளது விசாவை ரத்துச் செய்ய நினைத்தால் அவள் போகவேண்டியதுதான். நல்ல மனிதர்களிடத்தில் இந்த அதிகாரம் வெளியே தெரிவதேயில்லை. ஆனால் ஒரு சட்டம் எப்படிப்பட்டதென்பதை நல்ல மனிதர்களை வைத்து அளக்க முடியாது.

இதற்குச் சில சின்னக் காப்புகள் இருக்கின்றன. மஹரையும் கைக்கூலியையும் விவாகப் பதிவில் சரியான தொகையோடு எழுதுவிக்க வேண்டும். எமது சட்டத்தில் கைக்கூலி என்பது மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது. மனைவி அதைத் திரும்பக் கோரி காதியிடம் போகலாம். தோஹாவில் வீட்டு முற்பணமும் முதல் டிக்கட்டும் பெரும்பாலும் இந்தக் காசிலிருந்தோ பெண்ணின் நகையிலிருந்தோதான் போகின்றன. போகட்டும், ஆனால் போனது எவ்வளவு என்று ஒரு தாளில் இருக்கட்டும். சான்றிதழ்களின் பிரதிகளை மனைவி தன் போனிலும், ஊரில் உம்மாவிடத்திலும் வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு அவரவர் கையில். குடும்ப விசாவில் இருக்கும் மனைவி, தொழில் அமைச்சின் அனுமதியோடு கணவரின் அனுசரணையிலிருந்தபடியே வேலை பார்க்கவும் அங்கு வழியுண்டு. எங்கள் பிள்ளைகளில் பட்டதாரிகளும் ஆசிரியைகளும் தாதிகளும் நிறைய இருக்கிறார்கள். 'எதுக்கு அவவ வேலைக்கு' என்று கேட்பவர்கள், கணவரின் வேலை போன மாதத்தில் அதே கேள்வியைக் கேட்கட்டும்.

தலைப்பிள்ளை எங்கே பிறப்பது என்பது அடுத்து வரும் பெரிய தீர்மானம். வழமைப்படி உம்மா வீட்டில்தான். பெரும்பாலான விமான சேவைகள் 28 வாரமளவில் வைத்தியரின் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது. ஆகவே ஊருக்குப் போவதென்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே போகவேண்டும். கணவர் பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பது போனில்தான். தோஹாவிலேயே பெறுவதென்றால் ஆஸ்பத்திரியில் விவாகச் சான்றிதழ் கேட்பார்கள். கல்யாணத்துக்கு வெளியே கருத்தரிப்பது அங்கு குற்றமாகையால் இதில் விட்டுக்கொடுப்பில்லை. நாற்பதுக்கு உம்மா பக்கத்தில் இருக்கமாட்டா. சரக்கு அரைத்துக் கொடுக்கவும், பிள்ளைக்குக் குளிக்க வார்க்கவும் ஆளில்லை. உம்மாவை வருகை விசாவில் எடுக்கிறவர்களும் உண்டு. அந்த ஒற்றை அறைக்குள் மாமியும் மருமகனும் எப்படி மரியாதை காப்பது என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம். நானறிந்த ஒருவர் நாற்பது நாளும் கூட்டாளியின் அறையில் போய்ப் படுத்தார்.

கட்டாரில் பிறந்தால் பிள்ளைக்குக் கட்டார்ப் பிரஜாவுரிமை இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமையும் தானாக வந்துவிடாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ உரிய திணைக்களத்திலோ பதியவேண்டும். 2003 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தகப்பனைப் போலவே தாய் வழியாகவும் அந்த உரிமை கிடைக்கிறது. அங்குள்ள பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டு, பிள்ளைக்கு ஐந்து வயதாகிப் பள்ளியில் சேர்க்க ஊருக்கு வரும்போது தவிக்கிறவர்களைப் பார்க்கலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் திரும்புவதும் அந்த வயதில்தான். தோஹாவில் இலங்கைப் பாடசாலை இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. இரண்டாவது பிள்ளையும் வந்துவிட்டால் கணக்கு ஒத்துவராது. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கிறார்கள். கணவர் பிளாட்டை ஒப்படைத்து, சாமான்களை இன்னொரு புதுச் சோடிக்கு விற்று, செக்குகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு, நான்கு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குப் போய்விடுகிறார், மறுபடி பெச்சலர். ஊரில் அந்தப் பெண் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனியே போய்வருகிறாள். விடுமுறையில் வருகிற கணவர் மாமி வீட்டுக் குசினிக்குள் தயங்காமல் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிறார். மாமிக்கு இன்னும் பழகவில்லை.